மேலே யார், கீழே யார்? சுகாதாரப் புள்ளிவிவரத்துக்குப் படம் போடப் பழகுவோருக்கு

முதன்முதலில் நான் போட்ட பட்டைப்படத்தில் வேலூர் நகரத்தின் பட்டை, பக்கத்து ஊர்ப் பட்டைகளுக்கு நடுவே பனைமரம் மாதிரி நின்றது. இறப்புப் பதிவுகளை ஊர்வாரியாக எடுத்து, மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு இத்தனை என்று போட்டிருந்தேன். கூட்டல், வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர் வேலூரில் வீடு பார்க்கவே பயப்படுவார். பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த செவிலியர் அம்மா ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, செத்தவங்க எல்லாம் நம்ம ஊருக்காரங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு பிறப்போ இறப்போ எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் பதிவாகும். அந்த மனிதர் எங்கே குடியிருந்தார் என்பது படிவத்தில் வேறொரு கட்டத்தில் இருக்கும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனை வாசலில் ஒருநாள் காலையில் போய் நின்றால் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், சித்தூர்ப் பக்கம் என்று பல ஊர்ப் பேச்சு காதில் விழும். சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகளும் சாப்பாட்டுக்கடைப் பலகைகளும் வங்காள எழுத்தில் இருக்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இவர்களில் இறந்தவர்கள் என் கணக்கில் மேலே ஏறிவிட்டார்கள். கீழே நான் வகுத்ததோ வேலூரில் குடியிருப்பவர்களை மட்டும்.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுகாதாரத்தில் வரும் எந்த விகிதமும் ஒரு பின்னம்தான். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிலிருந்து வந்தவர்கள்தானா என்று பார்க்காமல் போட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய் சொல்லும். இந்தக் கட்டுரையில் நிறங்கள், அச்சுகள் எல்லாம் வரும். ஆனால் பாதி இடத்தை இந்தப் பின்னமே பிடித்துக்கொள்ளும். வட்டார அலுவலகத்தில் புதிதாகத் தரவு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவர், சமூக மருத்துவம் படிக்கும் மாணவர், மாவட்டச் செய்தி எழுதுபவர், தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை தயாரிப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கேள்வியைத் தமிழில் எழுதுங்கள்

எக்செல்லைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "டெங்கு நிலவரம்" என்பது கேள்வி ஆகாது. "இந்த ஆண்டு அக்டோபரில் குடியாத்தம் வட்டாரத்தில் டெங்கு, கடந்த ஐந்து ஆண்டுகளின் அக்டோபரைவிட அதிகமா?" என்பது கேள்வி. இப்படி எழுதிவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மாதம் மாதமாகத் தரவு வேண்டும், ஐந்து ஆண்டுகள் வேண்டும், ஒரே வட்டாரம் போதும். கேள்வி இல்லாமல் தொடங்குகிறவர் கையில் இருக்கும் எல்லா எண்களையும் ஒரே படத்தில் கொட்டிவிடுவார். பதினைந்து நிறக் கோடுகள் நூடுல்ஸ் மாதிரி பின்னிக்கிடக்கும் படத்தைக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள்.

எண்ணியது யார், யாரை, எங்கே?

அடுத்த வேலை, எண் பிறந்த இடத்தைத் தேடிப் போவது. நோய்க் கண்காணிப்பில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம அளவில் அறிகுறியை மட்டும் பார்த்து நிரப்புவது எஸ். மருத்துவர் பார்த்து இன்ன நோயாக இருக்கலாம் என்று நிரப்புவது பி. ஆய்வகம் உறுதி செய்து நிரப்புவது எல். இன்று எல்லாம் இணையத்தில் ஏறினாலும் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒரே ஆள் காய்ச்சலோடு எஸ்-இல் ஒருமுறை, பி-யில் ஒருமுறை, ரத்தம் கொடுத்தபின் எல்-இல் ஒருமுறை வரலாம். மூன்றையும் கூட்டி "மொத்த டெங்கு" என்று ஒரு பட்டை போட்டால் ஒரு ஆள் மூன்று ஆளாகிவிடுவார். சந்தேகத்துக்குரியவர்களையும் உறுதியானவர்களையும் இரண்டு தனிப் படங்களாகப் போடுங்கள். எந்தச் சோதனையால் உறுதி செய்தது என்பதையும் எழுதுங்கள். டெங்குவுக்குத் தேசியத் திட்டம் ஏற்றுக்கொள்வது ஆய்வகத்தில் செய்யும் எலைசா ரத்தச் சோதனையை. ரேபிட் கிட்டில் பாசிட்டிவ் வந்தவர்களையும் அந்தப் பட்டியலில் கலந்துவிட்டால் எண் வீங்கும்.

அப்புறம் இடம். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது அந்தச் சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில். ரத்த மாதிரிகள் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எடுத்து அனுப்பியவை. ஆய்வகம் இருந்த ஊரை வைத்து அன்று யாராவது படம் போட்டிருந்தால் முதல் புள்ளி வேலூர்மேல் விழுந்திருக்கும். இன்றும் ஆய்வகப் பட்டியலை அப்படியே எடுத்துப் படம் போடுகிறவர்கள் செய்வது இதுதான். முகவரிப் பத்தியைத் திறந்து பாருங்கள். லாட்ஜ் பெயரோ மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவோ முகவரியாக வந்தால் அது சந்தேகத்துக்குரிய வரி. நிரந்தர முகவரி கிடைத்தால் அந்த மாவட்டத்துக்கு மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் "வெளியூர் / முகவரி தெரியவில்லை" என்று தனியாக எண்ணி, அந்த எண்ணிக்கையையும் படத்தின் அடியில் சொல்லிவிடுங்கள்.

கீழே எதைப் போடுவது?

ஒரு கற்பனைக் கணக்கு. 1,50,000 பேர் இருக்கும் வட்டாரத்தில் 60 டெங்கு. 60,000 பேர் இருக்கும் வட்டாரத்தில் 36. எண்ணிக்கையில் முதலாவது பெரியது. லட்சம் பேருக்கு என்று மாற்றினால் முதலாவதில் 40, இரண்டாவதில் 60. கொசு மருந்து வண்டியை எங்கே முதலில் அனுப்புவது என்று கேட்பவருக்கு இரண்டாவது படம் வேண்டும். மருத்துவமனையில் எத்தனை படுக்கை ஒதுக்குவது என்று கேட்பவருக்கு எண்ணிக்கையே போதும். எதைப் போட வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிய கேள்விதான் முடிவு செய்யும்.

பின்னத்தின் கீழே வரும் பகுதி எப்போதும் மொத்த மக்கள்தொகையாக இருக்காது. சிசு இறப்பை 1,000 உயிருள்ள பிறப்புகளுக்கும், பேறுகால இறப்பை 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கும் கணக்கிடுகிறார்கள். கொசுப்புழு (லார்வா) ஆய்வில் வீட்டுக் குறியீடு என்பது சோதித்த 100 வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது. பிரெட்டோ குறியீடு என்பது 100 வீடுகளுக்குப் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்பது. ஒரே வீட்டில் நான்கு டயர், ஒரு சிமெண்ட் தொட்டி என்று ஐந்திலும் புழு இருந்தால் முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் ஐந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரிப் பட்டையாகப் போட்டு ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தில் 39,36,331 பேர். 2019 நவம்பரில் அது மூன்றாகப் பிரிந்தது. அதே 2011 கணக்கை இன்றைய எல்லைப்படி பிரித்தால் வேலூரில் 16,14,242, ராணிப்பேட்டையில் 12,10,277, திருப்பத்தூரில் 11,11,812. அதாவது இன்றைய வேலூர், பழைய வேலூரில் நூற்றுக்கு 41 பங்கு. "வேலூர் மாவட்டம்" என்ற பெயரில் 2015 முதல் 2023 வரை ஒரு கோடு இழுத்தால் நடுவில் எந்த நோயும் பாதிக்கு மேல் சரியும். யாரும் எதையும் ஒழித்துவிடவில்லை, ஆம்பூரும் வாணியம்பாடியும் வாலாஜாவும் வேறு கணக்குக்குப் போய்விட்டன, அவ்வளவுதான்.

இதன் தலைகீழ்ப் பிழையும் உண்டு. இன்றைய வேலூரில் 800 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். 16.14 லட்சத்தால் வகுத்தால் லட்சத்துக்கு ஏறக்குறைய 50. பழைய கோப்பில் கிடந்த 39.36 லட்சத்தால் வகுத்தால் வெறும் 20. பெயர் அதேதான் என்பதால் யார் கண்ணிலும் படாது. பழைய ஆண்டுகளுக்கு வட்டார அளவில் தரவு இருந்தால் இன்றைய மாவட்டத்துக்குள் வரும் வட்டாரங்களை மட்டும் கூட்டி, பின்னோக்கிச் சீராக்குங்கள். இல்லையென்றால் பிரிந்த மூன்று மாவட்டங்களையும் மீண்டும் கூட்டி ஒரே கோடாகப் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் 2019-இல் கோட்டை அறுத்துவிடுங்கள். இதற்கும் முன்னால் போகிறவர் கவனிக்க: 1989-இல் திருவண்ணாமலை பிரிவதற்கு முன் இருந்த வட ஆற்காடு இன்னும் பெரியது. பழைய அறிக்கையில் "வட ஆற்காடு" என்று பார்த்தால் அது எந்த வட ஆற்காடு என்று ஆண்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. எனவே பலர் 2011 எண்ணையே கீழே போடுகிறார்கள், சிலர் அதை வைத்து மதிப்பிட்ட எண்ணைப் போடுகிறார்கள். எதைப் போட்டாலும் எல்லா ஊர்களுக்கும் ஒன்றையே போட்டு, படத்தின் அடியில் சொல்லிவிட வேண்டும்.

அளவுகோலே மாறியிருக்கிறதா?

காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கரிகிரி. தொழுநோய் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் உலகம் அறிந்த ஊர். படம் போடுகிறவர்களுக்குத் தொழுநோயைவிட நல்ல பாடம் கிடையாது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொழுநோயில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, அந்த ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட நாளில் சிகிச்சைப் பதிவேட்டில் இருப்பவர்கள். ஒழிப்பு இலக்கு என்று வைத்தது இரண்டாவதை: 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு. இந்தியா தேசிய அளவில் 2005 டிசம்பரில் அந்த இலக்கை எட்டியது. இடையில் ஒன்று நடந்தது. 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, கிருமி அதிகம் உள்ள வகைக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கலாம் என்றது. ஒரு வட்டாரத்தில் அந்த வகையில் ஆண்டுக்கு 100 பேர் புதிதாக வருகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டு பதிவேட்டில் இருந்தால் எந்த நாளிலும் 200 பேர் அளவில் இருப்பார்கள். ஓராண்டு மட்டும் என்றால் 100 பேர். நோய் பரவுவது இம்மியும் குறையவில்லை, ஆனால் படத்தில் கோடு பாதியாக இறங்கிவிடும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. சிகிச்சை சீக்கிரம் முடிவது நல்ல செய்திதான். ஆனால் இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக இரண்டு சிறிய படங்களாகப் போட்டு, சிகிச்சைக் காலம் மாறிய ஆண்டில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு கிழித்து, பக்கத்தில் நான்கு சொல் எழுதினால்தான் பார்ப்பவருக்கு விஷயம் புரியும். இந்தச் செங்குத்துக் கோட்டைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தால் அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் பதிவேட்டில் ஏறுவார்கள். அந்த ஏற்றத்துக்குத் தலைப்பாக "சர்க்கரை நோய் வேகமாகப் பரவுகிறது" என்று போட்டால் அலைந்து திரிந்து கண்டுபிடித்த பணியாளருக்குத்தான் கெட்ட பெயர். கண்டறியப்பட்டவர்களோடு சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இரண்டு ஆய்வுகளை ஒரே கோட்டில் தைப்பதும் இதே ரகப் பிழை. தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைப்படி (எஸ்.ஆர்.எஸ்.) 2020-இல் 13. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 18.6. இரண்டும் சரியான எண்கள்தான். முதலாவது அந்த ஓராண்டுக்கானது, தொடர்ந்து பதிவு செய்யும் முறையில் வருவது. இரண்டாவது 2019-21-இல் தாய்மார்களைக் கேட்டு, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டது. முதல் நான்கு ஆண்டுக்கு ஒன்றிலிருந்தும் ஐந்தாவது ஆண்டுக்கு இன்னொன்றிலிருந்தும் எடுத்து இணைத்தால் திடீரென்று குழந்தைகள் சாகத் தொடங்கியது போலவோ பிழைக்கத் தொடங்கியது போலவோ தெரியும். ஒரு கோட்டுக்கு ஒரு மூலம்.

அட்டவணையைச் சுத்தம் செய்வது

அலுப்பான வேலை, சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு வரிக்கு ஒரு ஊர், ஒரு மாதம். கலங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். தேதியை 5-12 என்று அடித்தால் எக்செல் அதை டிசம்பர் ஐந்தாகவோ மே பன்னிரண்டாகவோ தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும், முதல் நாளே பத்திக்கு ஒரே வடிவம் கொடுத்துவிடுங்கள். கே.வி.குப்பம், கே வி குப்பம், கீழ்வைத்தியனான்குப்பம் மூன்றும் ஒரே ஊர் என்று கணினிக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அறிக்கை வராத வாரம் வேறு, நோயாளி வராத வாரம் வேறு. வராத அறிக்கைக்குச் சுழியம் போட்டால் கோடு தரையைத் தொட்டுவிட்டு எழும்பும். பார்ப்பவர் அந்த வாரம் ஊரே நலம் என்று நினைப்பார். உண்மையில் அந்த வாரம் ஆள் லீவில் போயிருப்பார். கலத்தைக் காலியாக விடுங்கள், கோட்டில் இடைவெளி தெரியட்டும்.

எந்தப் படம், எந்த அச்சு?

காலத்தோடு மாறுவதற்குக் கோடு. ஊர்களை ஒப்பிடப் பட்டை, அதுவும் படுக்கைப் பட்டை. பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று நீளமான தமிழ்ப் பெயர்களை நிற்கும் பட்டைக்குக் கீழே சாய்த்து எழுதினால் கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். படுக்கைப் பட்டையில் பெயர் நேராக நிற்கும். அகர வரிசையில் அடுக்காமல் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். வட்டப்படம் எனக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று துண்டுகள், கூட்டினால் நூறு என்றால் மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். "என்னென்ன அறிகுறி இருந்தது?" என்ற கேள்விக்கு ஒருவரே காய்ச்சல், தலைவலி, வாந்தி மூன்றையும் சொல்லியிருப்பார். அதை வட்டமாக்கினால் நூறுக்கு மேல் போய்விடும். முப்பரிமாணப் பட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போடாதீர்கள். மனித உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் வேண்டாம். உயரத்தை இரு மடங்காக்கினால் அகலமும் கூடி, உருவம் நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

பட்டை என்றால் அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும். காரணத்தை எண்ணோடு பாருங்கள். தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் 2019-இல் 15, 2020-இல் 13. அச்சை 12-இல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் மூன்று, இரண்டாவது ஒன்று. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று கண் சொல்லும். உண்மையில் குறைந்தது ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கோட்டுப்படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கண் உயரத்தை அளப்பதில்லை, சாய்வைப் பார்க்கிறது. ஆனாலும் அச்சு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

இடப்பக்கம் மழை, வலப்பக்கம் டெங்கு என்று இரண்டு செங்குத்து அச்சு வைத்த படம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எல்லா ஊரிலும் உலாவும். இரண்டு அளவுகளையும் இஷ்டப்படி இழுத்துப் பிடித்தால் எந்தக் கோட்டையும் எந்தக் கோட்டின்மேலும் படுக்க வைக்கலாம். மழையை மேலே ஒரு படம், டெங்குவைக் கீழே ஒரு படம், மாதங்கள் நேருக்கு நேர். அப்போது மழைக்கு எத்தனை வாரம் கழித்து நோய் ஏறுகிறது என்பது இன்னும் தெளிவாகவே தெரியும்.

சதவீதத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இரத்தசோகை, குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் 58.6 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 67.1. வித்தியாசம் 8.5 சதவீதப் புள்ளிகள். பழைய அளவோடு ஒப்பிட்டால் 14.5 சதவீத உயர்வு. செய்தி எழுதுபவர்கள் இரண்டில் எது பெரியதோ அதை எடுத்து, எதைச் சொல்கிறோம் என்பதை விட்டுவிடுவார்கள். "58.6-இலிருந்து 67.1 ஆனது" என்று இரண்டு எண்ணையும் எழுதிவிட்டால் தகராறே இல்லை.

சின்ன எண்கள் குதிக்கும்

ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 பிரசவம் என்று வையுங்கள். தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் 2018-20-இல் லட்சத்துக்கு 54. அந்தக் கணக்கில் இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு ஒரு இறப்பு அளவில் எதிர்பார்க்கலாம். ஒரு ஆண்டு யாரும் இறக்கவில்லை என்றால் விகிதம் சுழியம். அடுத்த ஆண்டு இருவர் இறந்தால் 100. கோடு தரைக்கும் கூரைக்கும் குதிக்கும். சுழியம் வந்த ஆண்டில் பொன்னாடையும் நூறு வந்த ஆண்டில் மெமோவும் கொடுப்பது இந்தப் படத்தை நம்புவதால்தான்.

மாதிரிப் பதிவு முறையே பேறுகால இறப்பை மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறது. மாநில அளவிலேயே அவர்கள் சேர்க்கும்போது வட்டார அளவில் நாம் தனி ஆண்டுக்கு விகிதம் போடுவது நியாயமில்லை. பின்னத்தில் மேலே இருக்கும் எண் இருபதுக்கும் குறைவாக இருந்தால் நான் விகிதம் போடுவதில்லை. எண்ணிக்கையை அப்படியே எழுதுகிறேன், அல்லது சில ஆண்டுகளைச் சேர்க்கிறேன். இருபது என்பது என் பழக்கம், உங்கள் துறையில் வேறு வரம்பு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேறுகாலத்தில் இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக விசாரணை நடக்கிறது. அந்த விசாரணைக் குறிப்பு சொல்லும் விஷயத்தில் கால்வாசியைக்கூட இந்தக் கோடு சொல்லாது.

சின்ன எண்ணுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊராட்சிவாரியாகக் காசநோய், எச்.ஐ.வி. என்று அட்டவணை போட்டு ஒரு ஊருக்கு நேரே 1 என்று எழுதினால், அந்த ஊர்க்காரர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிடும். பொதுவில் வெளியிடும் படத்தில் அப்படிப்பட்ட ஊர்களை வட்டார அளவில் சேர்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு வாரம்

வாராந்திரக் காய்ச்சல் கோட்டின் வால் எப்போதும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது நோய் தணிகிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். காய்ச்சல் தொடங்கிய நாளை வைத்துப் படம் போட்டால், நேற்று படுத்தவர் இன்னும் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார், வந்தவரின் முடிவு ஆய்வகத்திலிருந்து வந்திருக்காது. அறிக்கை ஏறிய நாளை வைத்துப் போட்டால் வேறு கூத்து. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் பள்ளம் விழும், திறந்த மறுநாள் மேடு எழும். தொடங்கிய நாளை எடுங்கள், கடைசி இரண்டு வாரத்தைப் புள்ளிக் கோடாகவோ சாம்பல் நிறத்திலோ போட்டு "முழுமையாகவில்லை" என்று எழுதுங்கள். நவம்பரை அக்டோபரோடு ஒப்பிடாமல் முந்தைய ஆண்டுகளின் நவம்பரோடு ஒப்பிடுங்கள், பருவமழை நோய்களுக்கு அதுதான் நேர்மை.

நிலப்படமும் நிறமும்

நிலப்படத்தில் எண்ணிக்கைக்கு நிறம் பூசாதீர்கள், விகிதத்துக்குப் பூசுங்கள். அப்போதும் ஒரு சிக்கல் மீதி இருக்கும். அணைக்கட்டுப் பக்கத்து மலைக் கிராமங்கள் படத்தில் பெரிய இடத்தைப் பிடிக்கும், ஆட்கள் குறைவு. வேலூர் நகரம் பொட்டு அளவில் இருக்கும், ஆட்கள் நெருக்கம். பெரிய இடத்தில் விழும் நிறம்தான் கண்ணில் அறையும். பக்கத்தில் ஒரு படுக்கைப் பட்டைப்படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இது ஓரளவு சமனாகும்.

ஒரே நிறத்தின் வெளிறிய சாயலிலிருந்து அடர்ந்த சாயல் வரை போனால் போதும். சிவப்பும் பச்சையும் வேண்டாம், ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு அவை இரண்டும் ஒன்றாகவே தெரியும். எளிய சோதனை ஒன்று: படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். எப்படியும் கூட்டத்தில் உங்கள் படம் ஜெராக்ஸாகத்தான் கைமாறப் போகிறது.

தலைப்பும் அடிக்குறிப்பும்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நீளும். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இலேயே சாமி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. ஆனாலும் அந்தச் சொலவடை அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அதில் தேதி இல்லை. தேதி இல்லாத படமும் இப்படித்தான் வாட்ஸாப்பில் வருடக்கணக்கில் சுற்றும். 2017 டெங்குப் படம் ஒவ்வொரு மழைக்கும் புதிது போல வரும்.

எனவே படத்துக்கு உள்ளேயே, வெட்டி எடுக்க முடியாத இடத்தில், இவை இருக்க வேண்டும்: எந்த இடம், எந்தக் காலம், எத்தனை பேருக்கு, எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது. தலைப்பு முழு வாக்கியமாக இருக்கட்டும். "டெங்கு 2024" என்பதைவிட "குடியாத்தம் வட்டாரம்: ஆய்வகம் உறுதி செய்த டெங்கு, லட்சம் பேருக்கு, மாதவாரியாக" என்பது பார்ப்பவருக்கு உதவும். அச்சில் 150000 என்று எழுதாமல் 1,50,000 அல்லது 1.5 லட்சம் என்று எழுதுங்கள். மில்லியன் கணக்கு நம் கூட்டங்களில் யாருக்கும் ஏறாது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பழைய வானவில் எழுத்துருவில் அடித்த பெயர்ப்பட்டியலை அப்படியே ஒட்டினால் அடுத்தவர் கணினியில் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, முடிந்த படத்தைப் படக் கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன்

1980-களில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் நதி என்று வரும். மருத்துவர்கள் தபால் அட்டையில் நோய்த் தகவலை எழுதிப் போடுவார்கள். சேர்த்த தகவல் மாத மடலாக அந்த மருத்துவர்களுக்கே திரும்பிப் போகும். கணினியும் போனும் பரவாத காலத்தில் அட்டை தொடர்ந்து வந்ததற்கு அந்த மடல்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்தைக் காப்பியடிக்கலாம். படம் மேலதிகாரிக்குப் போவதற்கு முன், எண்ணைக் கொடுத்தவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்: துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியர், ஆய்வக நுட்புநர், கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகும் டி.பி.சி. பணியாளர். "இந்தப் படத்திலிருந்து உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள், நீங்கள் விளக்க வேண்டாம். அவர்கள் முதலில் தேடுவது தங்கள் ஊர்ப் பட்டையைத்தான். அது தப்பாக இருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் உங்களுக்குப் போன் வந்துவிடும்.